கடலிலிருந்து மக்கட் பணிக்கு: கடற்படைத் தளபதி கட்டாரியின் வாழ்க்கை

கந்தப்பளை போன்ற மலைநாட்டு ஊர்களில் வாழ்வோருக்குக் கடல் என்பது மிகத் தொலைவிலுள்ள ஒன்றாகவே தோன்றும். கடல் மட்டத்திற்கு ஆறாயிரம் அடிக்கு மேலே, மூடுபனிக்கும் தேயிலைச் செடிக்கும் நடுவே வாழும் நமக்குக் கப்பலும் கடற்படையும் எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். ஆனால் நம் கைகள் பறிக்கும் கொழுந்து கப்பலேறித்தான் உலகச் சந்தைக்குச் செல்கின்றது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தவுடன், இலங்கைக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசிக்கு ஈடாகப் பங்கீட்டிற் கிடைத்த கோதுமை மாவை உண்டு பழகவேண்டிய நிலை தோட்டத்து லயங்களுக்கும் வந்தது. கடலில் நிகழ்ந்தது மலையிலுள்ள அடுப்படியை எட்டிற்று. ஆகவே, கடலைக் காத்த ஒருவரின் வாழ்க்கையை அறிவது நமக்கும் பயன் தருவதே.

இன்று நாம் எண்ணிப் பார்க்க இருப்பவர் இராம் தாஸ் கட்டாரி. யுத்த காலத்தில் தொண்டர் கடற்படையிற் சேர்ந்து, இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தளபதியாக உயர்ந்து, ஓய்வு பெற்றபின் ஒரு பேருந்துக் கழகத்தின் தலைவராகவும் பின்னர் பர்மாவுக்கான இந்தியத் தூதராகவும் பணிபுரிந்தவர். யுத்தக் கப்பல், பேருந்து, தூதரகம் என்னும் இம்மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆயினும் இம்மூன்றையும் இணைக்கும் உண்மை ஒன்றுண்டு. அரசாங்கம் என்பதைச் சாதாரண மனிதன் சட்டப் புத்தகத்திற் காண்பதில்லை. தன் முன்னே அமர்ந்திருக்கும் உத்தியோகத்தரின் முகத்திலேயே காண்கின்றான். அவ்விடத்தில் யார் அமரலாம், அமர்ந்தவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்னும் இரு கேள்விகளும் ஒரு சமூகத்தின் வாழ்வையே நிர்ணயிக்கக்கூடியவை. கட்டாரியின் வாழ்க்கை இவ்விரு கேள்விகளுக்கும் நல்ல விளக்கமாக அமைகின்றது.

கட்டாரி 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8ஆந் திகதி, அன்றைய சென்னை மாகாணத்திலிருந்த செங்கற்பட்டிற் பிறந்தார். அக்காலத்தில் இந்தியர் கடலோடுவது புதிதன்று. பிரித்தானியக் கப்பல்களிற் பல்லாயிரம் இந்திய மாலுமிகள் நெடுங்காலமாக வேலை செய்துவந்தனர். நிலக்கரி அள்ளியவர்களும் தளத்தைக் கழுவியவர்களும் கயிறு இழுத்தவர்களும் அவர்களே. ஆனால் கப்பலைச் செலுத்தும் அதிகாரியாக ஓர் இந்தியன் வருவதற்கு வழி ஏறக்குறைய இல்லை என்றே கூறலாம். திறமை இல்லாமையன்று காரணம். பயிற்சிக்கான வாசலே திறக்கப்படவில்லை.

அவ்வாசலைத் திறக்கவேண்டுமென்று இந்தியச் சட்டசபையிற் குரல் எழுப்பியவர்களுள் முக்கியமானவர் தமிழராகிய சர் பி. எஸ். சிவசாமி ஐயர். 1922ஆம் ஆண்டளவில் இக்கோரிக்கை வலுப்பெற்றது. அதன்பின் அமைந்த விசாரணைக் குழு, இந்திய இளைஞரைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றுவதற்கு ஒரு பயிற்சிக் கப்பல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1927இல் பம்பாய்த் துறைமுகத்தில் ‘டஃப்ரின்’ என்னும் பழைய கப்பல் பயிற்சிக் கூடமாக நங்கூரமிடப்பட்டது. அங்கே சேர்ந்த முதல் தொகுதி மாணவர்களில் ஒருவர் கட்டாரி. அப்பொழுது அவருக்கு வயது பதினாறு. சட்டசபையில் யாரோ பேசிய பேச்சும், செங்கற்பட்டிற் பிறந்த ஒரு சிறுவனின் எதிர்காலமும் இவ்வாறு ஒன்றாயின.

பயிற்சி முடிந்தபின் அவர் கல்கத்தாத் துறைமுகத்தைச் சார்ந்த ஹூக்ளி ஆற்றுப் பணியிற் சேர்ந்தார். இவ்வாற்றைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கல்கத்தா கடற்கரையில் இல்லை. கடலிலிருந்து ஆற்று வழியே நெடுந்தூரம் உள்ளே இருக்கின்றது. ஹூக்ளி ஆறோ ஓயாமல் வண்டல் மண்ணைக் கொணர்ந்து குவிப்பது. நேற்று ஆழமாயிருந்த இடத்தில் இன்று மணல் மேடு எழுந்திருக்கும். இடையறாது ஆழம் அளந்து, வழியை அறிந்து வைத்திருப்போர் இல்லையெனில் எந்தப் பெரிய கப்பலும் அங்கே நுழைய முடியாது. ஆற்றுப் பணி புரிவோருக்குப் புகழ் இல்லை; அவர் பெயரைப் பிரயாணிகள் அறிவதுமில்லை. ஆனால் அவர் ஒருநாள் கவனம் தவறினால் கப்பல் தரைதட்டிவிடும். பொதுப்பணியின் முதற்பாடத்தை இவ்வாற்றைவிட நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர் அரிது.

1939ஆம் ஆண்டு யுத்தம் மூண்டது. 1934இல்தான் அரச இந்தியக் கடற்படை என்னும் பெயரைப் பெற்றிருந்த அப்படை மிகச் சிறியது. இரண்டாயிரம் பேரைக் கூடக் கொண்டதன்று. யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் கொண்ட படையாக விரிந்திருந்தது. இத்தகைய விரைவான பெருக்கத்திற்கு அதிகாரிகள் எங்கிருந்து கிடைப்பர்? வர்த்தகக் கப்பல்களிலும் துறைமுகங்களிலும் பணிபுரிந்தோரைத் தொண்டர் சேமப் படையிற் சேர்த்தனர். அவ்வாறு சேர்ந்தவர்களில் ஒருவரே கட்டாரி. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிந்து தாக்கும் கலையில் அவர் பயிற்சி பெற்றார்.

அக்கலையின் இரகசியம் எதிரொலி. கப்பலின் அடியிலிருந்து ஓர் ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்புவர். அது எதன்மீதேனும் மோதித் திரும்பி வருமாயின், சென்று வந்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிப்பர். திரும்பி வந்த ஒலி எதிரியின் கப்பலிலிருந்தா, திமிங்கிலத்திடமிருந்தா, மீன் கூட்டத்திலிருந்தா என்பதைக் காதால் பிரித்தறிய வேண்டும். பல மணி நேரம் ஒன்றும் நிகழாதிருக்கையிலும் காது சோர்வடையலாகாது. வீரம் என்றதும் வாளும் பீரங்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. சரக்குக் கப்பல்களைக் காத்தவர்களுடைய வீரத்தின் பெரும்பகுதி பொறுமையாகக் கேட்டிருந்ததே.

யுத்தம் நம் தீவையும் விட்டுவைக்கவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பும், 9ஆந் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களாற் தாக்கப்பட்டன. ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது அன்றுதான். 1938இல் தொடங்கிய இலங்கைத் தொண்டர் கடற்படையினர் அந்நாட்களில் நம் துறைமுகங்களின் வாயில்களில் கண்ணிவெடிகளை அகற்றும் ஆபத்தான வேலையைச் செய்துகொண்டிருந்தனர். அப்படையிலிருந்து உருவானதே 1950ஆம் ஆண்டு டிசெம்பரில் அமைந்த அரச இலங்கைக் கடற்படை. அதன் தளபதியாக 1955இல் முதன்முதலில் ஓர் இலங்கையர், ரோய்ஸ் டி மெல் அவர்கள், பொறுப்பேற்றார். 1960 முதல் 1970 வரை அப்பதவியை வகித்தவர் ராஜன் கதிர்காமர் என்னும் தமிழர். இந்தியாவிலும் இலங்கையிலும் நிகழ்ந்தது ஒரே வகையான மாற்றமாகும்.

அம்மாற்றம் அமைதியாக நிகழ்ந்ததென்று எண்ணிவிடலாகாது. 1946ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி, பம்பாயிலிருந்த ‘தல்வார்’ என்னும் கடற்படைப் பயிற்சி நிலையத்தில் இந்திய மாலுமிகள் உணவை மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய முறைப்பாடுகள் எளியவை: உணவு உண்ணத்தக்கதாயில்லை, சம்பளத்தில் நீதியில்லை, கட்டளை அதிகாரி தம்மை இனத்தைச் சுட்டி இழிவாகத் திட்டுகின்றார். சில தினங்களில் அக்கிளர்ச்சி கராச்சி, சென்னை, கல்கத்தா முதலிய இடங்களுக்கும் பரவி, ஏறத்தாழ எழுபத்தெட்டுக் கப்பல்களையும் இருபதினாயிரம் மாலுமிகளையும் தழுவிற்று. சர்தார் வல்லபாய் பட்டேல் முதலிய தலைவர்களின் அறிவுரையை ஏற்று 23ஆந் திகதி அவர்கள் பணிந்தனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. அம்மாலுமிகளுள் பலர் யுத்தத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்கள். எதிரியின் குண்டைத் தாங்கிய அவர்களால், தம் அதிகாரியின் வாயிலிருந்து வந்த சொல்லைத் தாங்க முடியவில்லை. அவர்களுக்குச் சாம்ராச்சியம் என்பது இலண்டனில் இருந்த அரசரன்று. தட்டில் விழுந்த சோறும் காதில் விழுந்த வசையுமே ஆகும். ஓர் அரசாங்கம் தன் மக்களுடைய மனத்தை இழப்பது பெரும் போர்க்களங்களில் மட்டுமன்று. இத்தகைய சாப்பாட்டு மேசைகளிலுந்தான்.

1947இல் இந்தியா விடுதலை பெற்றது. எனினும் கடற்படையின் தலைமைக்கு உடனே ஓர் இந்தியர் வரவில்லை. தரைப்படைக்கு 1949ஆம் ஆண்டு சனவரியில் கரியப்பாவும், விமானப்படைக்கு 1954ஆம் ஆண்டு ஏப்பிரலில் சுப்ரதோ முகர்ஜியும் முதல் இந்தியத் தளபதிகளாயினர். கடற்படைக்கோ 1958ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆந் திகதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்றுதான் சர் ஸ்டீபன் கார்லில் என்னும் ஆங்கிலேயரிடமிருந்து கட்டாரி பொறுப்பேற்றார்.

பதினோர் ஆண்டு தாமதம் ஏன்? இக்கேள்விக்கான விடையே இப்பேச்சின் மையமாகும். ஒரு சட்டத்தை ஒரே நாளில் மாற்றலாம். ஒரு கொடியை ஒரே நள்ளிரவில் இறக்கி ஏற்றலாம். ஆனால் ஒரு கப்பற்படையை நடத்தவல்ல தளபதியை ஒரே நாளில் ஆக்க முடியாது. கப்பலிற் காவல் நிற்றல், ஒரு கப்பலைத் தலைமை தாங்குதல், பல கப்பல்களை ஒருங்கே நடத்துதல் என ஒவ்வொரு படியிலும் ஆண்டுகள் செல்லும். பொதுவாக இருபத்தைந்து முப்பது ஆண்டுகளேனும் வேண்டும். 1927க்கு முன் வாசல் அடைக்கப்பட்டிருந்தமையின், 1947இல் மூத்த இந்திய அதிகாரிகள் கிடைக்கவில்லை. டஃப்ரினிற் காலடி வைத்த சிறுவன் தளபதியாவதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. ஒரு வாசலை அடைப்பதன் தீமை அன்றே தெரிவதில்லை. ஒரு தலைமுறைக்குப் பின்னரே வெற்றிடமாகத் தெரிகின்றது. அதுபோலவே, திறந்த வாசலின் நன்மையும் உடனே தெரிவதில்லை.

கட்டாரி தளபதியாயிருந்த நான்கு ஆண்டுகளில் இந்தியக் கடற்படை புதிய உருவம் பெற்றது. பிரித்தானியாவில் அரைகுறையாகக் கட்டப்பட்டு நின்ற ஒரு விமானந்தாங்கிக் கப்பலை இந்தியா 1957இல் வாங்கியிருந்தது. அது 1961ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆந் திகதி, பெல்பாஸ்ட் நகரில் ‘விக்ராந்த்’ என்னும் பெயரோடு சேவையிற் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரிற் கோவாவைப் போர்த்துக்கேயரிடமிருந்து மீட்ட நடவடிக்கையிலும் கடற்படை பங்குகொண்டது. அஞ்சதீபம் என்னும் சிறு தீவிற் கரையிறங்கிய மாலுமிகளில் எழுவர் உயிர் துறந்தனர். 1962ஆம் ஆண்டு சூன் மாதத்தில், ஐம்பது வயதில், கட்டாரி கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார்.

அதன்பின் அவர் ஏற்ற பொறுப்பு ஆந்திரப் பிரதேச அரசாங்கப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை. யுத்தக் கப்பல்களை நடத்தியவர் பேருந்துகளை நடத்த வந்தார். இதைப் பதவி இறக்கம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அக்கழகத்தின் மூலவேர் 1932இல் ஐதராபாத் நிசாம் அரசாங்கம் இருபத்தேழு பேருந்துகளோடு தொடங்கிய சேவையாகும். ஏழை விவசாயியும் சந்தைக்குச் செல்லும் பெண்ணும் பாடசாலைப் பிள்ளையும் நம்பியிருக்கும் வாகனம் அது. விமானந்தாங்கிக் கப்பலைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் காணாதவர்கள், பேருந்தை நாள்தோறும் காண்கின்றனர். மழையில் நனைந்தபடி நுவரெலியா வீதியில் பேருந்துக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இது விளங்காததன்று. பேருந்து நேரத்திற்கு வந்தால் அரசாங்கம் நல்லது. வராவிட்டால் அரசாங்கம் தீயது. மக்கள் போடும் கணக்கு இதுதான்.

1964ஆம் ஆண்டில் கட்டாரி பர்மாவுக்கான இந்தியத் தூதராக நியமிக்கப்பட்டு, 1969 வரை அங்கே பணிபுரிந்தார். அவ்வாண்டு பர்மாவில் வாழ்ந்த இந்தியருக்கு மறக்கவொண்ணாத ஆண்டு. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அவர்களின் இராணுவ அரசாங்கம், 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கடைகளையும் வர்த்தக நிலையங்களையும் தேசியமயமாக்கியது. மே மாதத்தில் உயர்மதிப்பு நாணயத் தாள்கள் செல்லாவென்று அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்தவர்களும் கூலிவேலை செய்தவர்களும், சேர்த்த செல்வத்தைக் கொண்டுசெல்ல இயலாதவர்களாய், கப்பலேறினர். அவர்களிற் தமிழர் மிகப் பலர். சென்னைத் துறைமுகத்தின் அருகே 1969இல் தோன்றிய ‘பர்மா பசார்’ அவர்கள் பிழைப்புக்காக அமைத்ததே. தூதர் பதவியில் அமர்ந்தவரின் அலுவலகத்திற்கு, அந்நாட்களில், அயல்நாட்டு அரசாங்கத்தின் கடிதங்களோடு, வீடிழந்தவரின் விண்ணப்பங்களும் வந்துசேரும் காலமாக அது இருந்தது. இரு நாடுகளுக்குமிடையிலான எல்லை ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டதும், அவர் தூதராயிருந்த 1967ஆம் ஆண்டிலேதான்.

நேயர்களே, 1964 என்னும் அந்த ஆண்டு மலையகத் தமிழராகிய நமக்கும் மறக்கவொண்ணாததே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் முன்னோரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்களைப் பற்றி 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்று எண்ணிக்கைகள் வகுக்கப்பட்டன. அப்பின்னைய தொகை 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இரங்கூனில் கப்பலேறியவருக்கும் தலைமன்னாரிற் கப்பலேறியவருக்கும் கண்ணீர் ஒன்றே. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி மறு பட்டியலிலும் இருந்ததுண்டு.

அந்நாட்களில் எழுத்தறியாத ஒரு தோட்டத் தொழிலாளிக்கு இரு அரசாங்கங்களும் எவ்வாறு காட்சியளித்தன? பாராளுமன்றமாகவன்று, பிரதமராகவுமன்று. தனக்குப் புரியாத மொழியில் அச்சிட்ட ஒரு விண்ணப்பப் படிவமாகவும், அதை வாங்கிப் பார்த்த ஓர் இலிகிதராகவுமே காட்சியளித்தன. அவ்விலிகிதர் இரக்கமுள்ளவராயின் ஒரு குடும்பம் பிழைத்தது. அவர் முகஞ்சுளித்தால், வயதான தாய் மீண்டும் ஒருநாள் கூலியை இழந்து மலையேறி இறங்கினாள். குடியுரிமையின்றி அரசாங்க உத்தியோகம் இல்லை என்பதால், அம்மேசையின் மறுபுறத்தில் நம்மவர் ஒருவர் அமர்ந்திருக்கவும் வழியில்லாமற்போயிற்று. இறுதியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாற்றான் எஞ்சியோருக்கும் குடியுரிமை கிடைத்தது. அடைத்த வாசல் முற்றாகத் திறக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இவ்விடத்தில் கட்டாரியின் வாழ்க்கையை மறுபடி எண்ணிப் பாருங்கள். தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்படத் தொடங்கின. அவற்றிற் பயின்ற பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் இன்று ஆசிரியராகவும் கிராம உத்தியோகத்தராகவும் பிரதேச செயலக அலுவலராகவும் வந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் போதிய அளவில் இல்லை என்று நாம் வருந்துகின்றோம், அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் அதன் காரணத்தை அறியாமல், “நம் பிள்ளைகளுக்குத் திறமை போதாது” என்று எவரேனும் கூறுவாராயின், அவருக்கு 1947இல் இந்தியக் கடற்படையின் நிலையை எடுத்துக் கூறுங்கள். அங்கும் திறமை குறைவாயிருக்கவில்லை, காலமே குறைவாயிருந்தது.

அதே வேளையில், உத்தியோகம் பெற்ற நம் இளைஞர்கள் மறக்கலாகாத மறுபக்கமும் உண்டு. தல்வாரின் மாலுமிகளை இழிவாகப் பேசியவர் அந்நியர். விடுதலைக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்த நம்மவரும் அதே சொற்களைப் பேசுவாராயின், மாறியது நிறம் ஒன்றே. கையொப்பத்திற்காகக் காத்து நிற்கும் கொழுந்து பறிக்கும் தாயை “பிறகு வா” என்று ஒருமையில் விரட்டுபவர், அவளது பேரனாகவே இருந்தாலும், அவளுக்கு அவர் பழைய துரையின் வாரிசாகவே தோன்றுவார். “இருங்கள் அம்மா, இப்பொழுதே பார்க்கின்றேன்” என்பவரிடத்தில்தான் அவள் தன் அரசாங்கத்தைக் காண்பாள்.

கட்டாரி தம் நினைவுகளை ‘எ செய்லர் ரிமெம்பர்ஸ்’ என்னும் ஆங்கில நூலாக 1982இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டிற் காலமானார். தளபதியாகவும் தூதராகவும் இருந்தவர், தம்மைச் சுட்டுவதற்கு அந்நூலின் தலைப்பிற் கொண்ட சொல் ‘மாலுமி’ என்பதே. பதவிகள் வந்து போகும். கற்ற தொழிலும் அதன் ஒழுக்கமும் நிலைக்கும்.

அரசாங்கச் சேவையை நாடும் மலையக இளைஞர்களே, யுவதிகளே! ஹூக்ளி ஆற்றின் ஆழத்தை அளந்தவருடைய விழிப்போடும், நீருக்குள் எதிரொலியைக் கேட்டவருடைய பொறுமையோடும் உங்கள் மேசையில் அமருங்கள். நீங்கள் நுழைந்த வாசலுக்காக உங்கட்கு முன்னே யாரோ வாதாடியிருக்கின்றனர். யாரோ பல ஆண்டுகள் காத்திருக்கின்றனர். உங்கட்குப் பின்னே வரும் பிள்ளைக்கு அவ்வாசல் இன்னுஞ் சற்று அகலமாயிருக்குமாறு செய்வது உங்கள் கடன்.